சபையைக் கேட்காத பாட்டு

'ஹை நூன்' படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் முகப்புப் பாட்டைப் பற்றி ஒரு கதையைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். படம் முடிந்ததும் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள், எடுபடவில்லை. தேறாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட படத்தை, இசையமைத்த டிமிட்ரி தியோம்கின் தன் பாட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்து கரையேற்றினார் என்பது கதை. இது பரவியதில் 1959ல் வந்த தியோம்கினின் சுயசரிதைக்குப் பெரிய பங்கு உண்டு. தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் வேறு விதமாகச் சொன்னார். படத்தொகுப்பாளர் எல்மோ வில்லியம்ஸ் இன்னொரு விதமாகச் சொன்னார். எல்லாமே படம் ஓடிய பிறகு சொல்லப்பட்டவை. ஒவ்வொன்றிலும் சொல்கிறவரே நாயகர்.

இந்தத் தகராறைத் தீர்த்துவைப்பதில் எனக்கு அக்கறை இல்லை. பாட்டு படத்தைக் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். எதை விலையாகக் கொடுத்துக் காப்பாற்றியது என்பதுதான் என் கேள்வி.

ஜான் கன்னிங்ஹாம் 1947ல் 'காலியர்ஸ்' பத்திரிகையில் எழுதிய 'தி டின் ஸ்டார்' என்ற சிறுகதையிலிருந்து தொடங்கி, கார்ல் ஃபோர்மன் திரைக்கதையை எழுதினார். ஒரு சிற்றூர், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிவாக்கில். மார்ஷல் வில் கேன் (கேரி கூப்பர்), ஏமி என்ற க்வேக்கர் பெண்ணை (கிரேஸ் கெல்லி) மணம் முடித்துப் பதவியையும் ஊரையும் விட்டுப் போக இருக்கிறார். அவரால் சிறைக்குப் போன ஃபிராங்க் மில்லர் விடுதலையாகிப் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். அவனுடைய கூட்டாளிகள் மூவர் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். கேன் துணைக்கு ஆள் தேடுகிறார். அவனுக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி கொடியையும் தராசையும் மூட்டை கட்டுகிறார். நண்பர் ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இல்லை என்று மனைவியைச் சொல்ல வைக்கிறார். முதலில் வருவதாகச் சொன்ன ஆள், தான் ஒருவன்தான் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறான். கடைசியில் தேவாலயம். அங்கே ஊர் கூடி யோசிக்கிறது. கேனைப் போல நல்லவர் உண்டா என்று புகழ்ந்து பேசும் ஊர்ப்பெரியவர், அதே மூச்சில், நீங்கள் போய்விடுவதுதான் ஊருக்கு நல்லது என்று முடிக்கிறார். படம் 85 நிமிஷம். கதை நடக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. சுவரில் எங்கு பார்த்தாலும் கடிகாரம்.

1951 செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்த படப்பிடிப்பு ஒரு மாத அளவில் முடிந்தது. ஒளிப்பதிவாளர் ஃபிளாய்டு கிராஸ்பி, மாத்யூ பிரேடி எடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் புகைப்படங்களை மனதில் வைத்து, வானத்தை வெளுப்பாக, வெறுமையாகவே விட்டார். அழகான மேகங்களும் பாறைகளும் கொண்ட கௌபாய் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வறட்சியாகத் தோன்றியிருக்க வேண்டும். இந்த வறட்சிக்குள்தான் பாட்டு வந்து சேர்ந்தது.

தியோம்கின் 1894ல் உக்ரைனில் கிரெமென்சுக்கில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பயின்ற பியானோக்காரர். 1928ல் பாரிஸில் கெர்ஷ்வினின் பியானோ கான்செர்டோவை ஐரோப்பாவில் முதன்முதலாக வாசித்தவர். ஹாலிவுட்டுக்குப் போன பின்னும் அவருடைய இங்கிலீஷ் ருஷ்ய இங்கிலீஷாகவே இருந்தது. இவர் எப்படிக் கௌபாய்க்குப் பாட்டுப் போட்டார் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. புல்வெளி எங்கிருந்தாலும் புல்வெளிதானே என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வழங்குகிறது. 'ஹை நூன்' மெட்டில் யித்திஷ், உக்ரைனியப் பாடல்களின் சாயலைக் காட்டுகிறவர்கள் உண்டு. வார்த்தைகளை எழுதிய நெட் வாஷிங்டன், 1940ல் டிஸ்னியின் 'பினோக்கியோ'வுக்குப் பாட்டெழுதிப் பெயர் வாங்கியவர். படத்தில் பாடிய டெக்ஸ் ரிட்டர் ஒருவர்தான் அசல் டெக்ஸஸ்காரர். 1936 முதல் மலிவான கௌபாய் படங்களில் குதிரைமேல் உட்கார்ந்து பாடிவந்தவர். அதற்கு முன் சட்டம் படித்தவர்.

தியோம்கின் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. ஒரு ஹாலிவுட் படம் பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தோடு தொடங்குவதுதான் அக்கால வழக்கம். அதை அவர் விட்டார். பின்னணி இசைக்குழுவிலிருந்து வயலின்களையே நீக்கிவிட்டார். பாட்டுக்குக் கித்தார், அக்கார்டியன், நோவாகார்டு என்ற ஆரம்ப கால மின்வாத்தியம், அடித்தொண்டையில் துடிப்பது போன்ற ஒரு தாளம், இவ்வளவே. இந்த மெலிவு படத்தின் வெளுத்த வானத்துக்குப் பொருந்தியது. பின்னர் படம் முழுக்க அந்த ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. கேன் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடக்கும்போதெல்லாம் அதன் ஒரு துண்டு கூடவே நடக்கிறது. பன்னிரண்டு மணியை நெருங்கும் இடத்தில் கடிகார ஊசலின் அசைவும் இசையின் அடியும் ஒன்றாகின்றன. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முகம். பிறகு ரயிலின் ஊதல்.

தமிழ் ரசிகனுக்கு இதில் புதுமை தெரியாது. திரையில் யாரும் வாயசைக்காதபோது, பாத்திரத்தின் மனசை வெளியிலிருந்து ஒரு குரல் பாடுவது நமக்குப் பழகியது. அதற்கு அசரீரிப் பாட்டு என்று பெயரே வைத்திருக்கிறோம். கௌபாய் படத்துக்கு அது புதுசு. அங்கே பாட்டு என்றால் தீ மூட்டி உட்கார்ந்து யாராவது பாட வேண்டும்.

ஆனால் நம் அசரீரி பெரும்பாலும் ஆறுதல் சொல்லும், அல்லது விதியை நோகும். 'ஹை நூன்' பாட்டு இரண்டையும் செய்யவில்லை. அது கெஞ்சுகிறது. மார்ஷலின் குரலில், புது மனைவியிடம், என்னை விட்டுப் போகாதே என்று மன்றாடுகிறது. சிறையில் மில்லர் செய்த சபதம், வரப்போகும் மோதல், கோழையாகிவிடுவோமோ என்ற பயம் எல்லாவற்றையும் அவளிடமே சொல்கிறது. இது பாடப்படும்போது திரையில் கேனும் இல்லை, அவளும் இல்லை. ஒரு மரத்தடியில் லீ வான் கிளீஃப். பிறகு மற்ற இருவர். மூவரும் குதிரைகளில் ஊருக்குள் வருகிறார்கள். கொல்ல வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சாகப் பயப்படுகிறவனின் குரலைக் கேட்கிறோம். முகப்புப் பாட்டு என்ற விஷயத்தில் இதைவிடச் சிறந்த இணைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

என் ஆட்சேபம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. படத்தில் கேனைக் கைவிடுவது ஊர். மனைவியும் முதலில் போகிறாள். கொலை கூடாது என்பது அவளுடைய மதம். ஆனால் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ரயிலை விட்டு இறங்கி ஓடி வருகிறவள் அவள்தான். தன் மதத்தை மீறி ஒருவனைச் சுட்டு வீழ்த்துகிறவளும் அவள்தான். அதாவது பாட்டு யாரிடம் கெஞ்சியதோ அவள் வந்துவிட்டாள். வராதவர்களைப் பற்றிப் பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. நீதிபதி இல்லை, தேவாலயம் இல்லை, கதவுக்குப் பின்னால் ஒளிந்த நண்பர் இல்லை. ஃபோர்மன் எழுதியது ஓர் ஊரைப் பற்றி. வாஷிங்டன் எழுதியது ஒரு தம்பதியைப் பற்றி.

ஃபோர்மன் ஏன் ஊரைப் பற்றி எழுதினார் என்பது இப்போது ஒளிவுமறைவான செய்தி அல்ல. திரைக்கதையை எழுதிக்கொண்டிருந்தபோதே, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் காங்கிரஸ் கமிட்டியிடமிருந்து அவருக்குச் சம்மன் வந்தது. படப்பிடிப்பின் நடுவே, 1951 செப்டம்பர் 24 அன்று, கமிட்டி முன் போய் நின்றார். அப்போது தாம் கம்யூனிஸ்டுக் கட்சியில் இல்லை என்று சொன்னார். முன்பு இருந்ததைப் பற்றிப் பேசவும், மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கவும் மறுத்தார். கூட்டாளி கிரேமர் அவரோடு உறவை முறித்துக்கொண்டார். இணைத் தயாரிப்பாளர் என்ற பட்டம் படத்திலிருந்து நீங்கியது. திரைக்கதையாசிரியர் என்ற பெயர் மட்டும் தங்கியது. தெருவில் எதிர்ப்பட்ட நண்பர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டதும், நல்லவர்கள் நல்ல காரணங்களோடு விலகிக்கொண்டதும் அப்படியே வசனங்களாயின என்று பிற்பாடு அவரே சொன்னார். 1952ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இலங்கையில் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) திரைக்கதையை அவரும் இன்னொரு தடைப்பட்ட எழுத்தாளரான மைக்கேல் வில்சனும் எழுதினார்கள். ஆஸ்கார் போனது மூல நாவலை எழுதிய, இங்கிலீஷில் எழுதாத பியர் பூல் பெயருக்கு. ஃபோர்மன் 1984ல் இறந்த பிறகுதான் அது அவருக்கும் வில்சனுக்கும் உரியது என்று திருத்தப்பட்டது. வில்சன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

இங்கே எங்கள் பக்கத்துக் கூத்தை நினைக்காமலிருக்க முடியவில்லை. நான் இருக்கும் கே.ஜி.கண்டிகை, திருத்தணி மலைக்குப் பக்கம், ஆந்திர எல்லையோரம். 1960 ஏப்ரல் வரை இந்த வட்டாரமே ஆந்திரத்தில் இருந்தது. இந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் அக்னி வசந்த விழாவின்போது பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். 'பகடை துகில்' ஆடும் இரவில், துச்சாதனன் கையில் மயிரைக் கொடுத்து நிற்கிற திரௌபதி, கிருஷ்ணனைக் கூப்பிடுவது பிற்பாடு. முதலில் அவள் சபையைக் கேட்கிறாள். தன்னைத் தோற்றவன் என்னை எப்படி வைத்து ஆடினான் என்று பீஷ்மரைக் கேட்கிறாள், துரோணரைக் கேட்கிறாள். பின்பாட்டுக்காரர்கள் அந்தக் கேள்வியை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். கூத்துக் களத்தில் பீஷ்மருக்கென்று தனியாக ஆள் உட்கார்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. அவள் கை நீட்டுகிற திசையில் உட்கார்ந்திருப்பது நாம்தான். பாய் விரித்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தவனுக்குக்கூட அந்த நேரத்தில் கை நிற்கும். கிருஷ்ணன் புடவை கொடுத்து மானத்தைக் காப்பாற்றிவிடுகிறான், சரி. ஆனால் சபை பதில் சொல்லவில்லை என்பது அந்தப் புடவையால் மூடப்படுவதில்லை. பதினெட்டாம் போர் வரைக்கும் அது தொடர்கிறது.

'ஹை நூன்' பாட்டில் இல்லாதது இந்தக் கை நீட்டல். படத்துக்குள் இருக்கும்வரை குறை தெரியாது. ஏனென்றால் வார்த்தையில்லாமல் மெட்டு மட்டும் காலியான தெருவில் கேனோடு போகும்போது, அது மூடிய கதவுகளைப் பார்த்துத்தான் ஒலிக்கிறது. மனைவியிடம் சொன்னதை மெட்டு ஊரிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. வாஷிங்டன் விட்டதைத் தியோம்கினின் மெட்டு ஈடு செய்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இசைத்தட்டில் தெரு கிடையாது, கதவு கிடையாது.

தட்டு வந்தது 1952 கோடையில். கொலம்பியா கம்பெனியின் மிட்ச் மில்லர் அதை ஃபிராங்கி லெய்னைக் கொண்டு பாடவைத்தார். லெய்ன், சிகாகோவில் பிறந்த இத்தாலிய வம்சாவளிக்காரர். சாட்டை சொடுக்குகிற பாட்டுகளால் ஏற்கெனவே புகழ் பெற்றவர். ரிட்டரும் கேபிடல் கம்பெனிக்குப் பாடினார். படம் ஜூலைக் கடைசியில் நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது மெட்டு அதற்கு முன்பே ஜனங்களுடைய காதில் இருந்தது. பில்போர்டு பட்டியலில் லெய்னின் தட்டு 5ஆம் இடம்வரை, ரிட்டருடையது 12ஆம் இடம்வரை ஏறின. அந்த நவம்பரில் பிரிட்டனில் முதல்முதலாக வெளியான இசைத்தட்டு விற்பனைப் பட்டியலிலும் லெய்னின் 'ஹை நூன்' இருந்தது. லெய்ன் பாடியதில் பயம் குறைவு, குரல்வளம் அதிகம். ரிட்டருடைய தயக்கம் அங்கே இல்லை. லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்தது ஒரு காதல் பாட்டு. ஊர் தப்பித்துக்கொண்டது.

1953 மார்ச் 19, ஆஸ்கார் விழா முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இரவு. ரிட்டர் மேடையில் நின்று பாடினார். பாட்டுக்குப் பரிசு, இசைக்குப் பரிசு, படத்தொகுப்புக்குப் பரிசு, கூப்பருக்குப் பரிசு. கூப்பர் வரவில்லை, அவர் சார்பில் வாங்கிக்கொண்டவர் ஜான் வெய்ன். இதே வெய்ன்தான் 1971ல் ஒரு பேட்டியில் இந்தப் படத்தை அமெரிக்கத்தன்மைக்கு விரோதமானது என்று தூற்றி, ஃபோர்மன் நாட்டைவிட்டுப் போகத் தாம் உதவியதில் வருத்தமில்லை என்ற பொருளில் பேசியவர். திரைக்கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதை எழுதியவர் கடலுக்கு அப்பால். படத்தின் மற்றெல்லாவற்றையும் கொண்டாட முடிந்தது. பாட்டைக் கொண்டாடுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. அது யாரையும் கேள்வி கேட்கவில்லை அல்லவா?

பிறகு நடந்தது வியாபாரம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முகப்புப் பாட்டு வேண்டும், தட்டு முன்கூட்டியே வர வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1957ல் 'கன்ஃபைட் அட் தி ஓ.கே. கொரால்' படத்துக்கு அதே தியோம்கின், அதே வாஷிங்டன், திரைக்குள்ளேயே லெய்ன். 1959ல் ஹோவர்டு ஹாக்ஸும் வெய்னும், ஊரிடம் உதவி கேட்டு அலைகிற மார்ஷலுக்குப் பதிலாக 'ரியோ பிராவோ' எடுத்தார்கள். அதற்கும் இசை தியோம்கின்தான். 1974ல் மெல் புரூக்ஸ் தம் 'பிளேசிங் சாடில்ஸ்' கேலிப் படத்துக்கு லெய்னையே பாடச் சொன்னார். கேலி என்று தெரியாமல் லெய்ன் மனமுருகிப் பாடிவிட்டுப் போனார். மன்றாட்டாகப் பிறந்தது இருபத்திரண்டு வருஷத்தில் கேலியாகி முடிந்தது.

நம் பக்கம் வந்தது ஹாலிவுட் கௌபாய் அல்ல, இத்தாலிக் கௌபாய். 'ஹை நூன்' மரத்தடியில் ஒரு வசனமும் பேசாமல் உட்கார்ந்திருந்த வான் கிளீஃப், 1965க்குப் பிறகு லியோனியின் படங்களில் பெரிய ஆளாகி, அந்த வழியாக நம் தொப்பிகளுக்கும் குழாய் சட்டைகளுக்கும் முன்மாதிரியானார். 1971ல் கிருஷ்ணா நடித்து, கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிய தெலுங்குப் படம் 'மோசகாள்ளகு மோசகாடு'. திரைக்கதை எழுதியது கவிஞர் ஆருத்ரா. அது தமிழிலும் பேசியது. அடுத்த ஆண்டே கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கரின் 'கங்கா' வந்தது. இவற்றில் குதிரை உண்டு, புதையல் உண்டு, பழி உண்டு. ஊர் என்பது குதிரை ஓடுவதற்கான இடம்; கூடி யோசிக்கிற சபையாக அது வருவதில்லை.

விதிவிலக்காக நான் கருதுவது 1975ன் 'ஷோலே'. ஆர்.டி. பர்மனின் முகப்பு இசைக்கு வார்த்தை கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் சபை உண்டு. கொள்ளைக்காரனிடம் இரண்டு பேரையும் ஒப்படைத்துவிடலாம் என்று ராம்கட் கிராமம் முணுமுணுக்கும்போது, அப்போதுதான் மகனைப் பறிகொடுத்த குருட்டு இமாம் எழுந்து ஊரை நாணவைக்கிறார். பாட்டுத் தட்டுகள் எதிர்பார்த்தபடி விற்காததால் பாலிடார் கம்பெனி வசனங்களையே தட்டாகப் போட்டது, அது விற்றது. தெருவில் எல்லோரும் திருப்பிச் சொன்னது கப்பர் சிங்கின் வசனத்தை. அங்கே மார்ஷலின் மன்றாட்டு விலைபோனது, இங்கே கொள்ளைக்காரனின் அதட்டல். இமாமின் வார்த்தைகளை யாரும் பொழுதுபோக்குக்குச் சொல்லிப் பார்ப்பதில்லை.

1989 ஜூன் 4ல் போலந்தில் தேர்தல். 'சாலிடாரிட்டி' இயக்கத்தின் ஒரு சுவரொட்டியில் கூப்பர் நடந்து வருகிறார். 'ஹை நூன்' படத்துக் கூப்பர்தான். கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு. அது பார்க்கிறவனை நோக்கி நடந்து வருகிறது. நீ வருகிறாயா இல்லையா என்று கேட்கிறது. ஃபோர்மன் எழுதிய கேள்வி முப்பத்தெட்டு வருஷம் கழித்துச் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குப் படுகிறது. பாட்டு அதில் இல்லை.

இவ்வளவையும் நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் வெறும் சினிமா ஆசை இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு தற்காலிக மெசஞ்சர் இருந்தார். காலை எங்களுக்கு முன்னால் வந்து பெருக்கி, தண்ணீர் பிடித்து, லெட்ஜர் தூக்கி, நாங்கள் போன பிறகு கதவடைக்கும்வரை இருப்பார். அவருக்குக் கூலி வவுச்சரில் போகும். வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்ததாகக் கணக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக வவுச்சரில் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எழுதியவர்களில் நானும் ஒருவன். வயசு போகிற கட்டத்தில் அவர் வேலை நிரந்தரம் கேட்டு மனுப் போட்டார். இத்தனை வருஷம் வந்தவர் இவர்தான் என்று நாங்கள் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்குப் புரமோஷன் இன்டர்வியூ. ஒருவருக்கு ஊருக்கு மாற்றல் வர வேண்டும். இன்னொருவர், அவரைப் போல உண்மையான ஆள் உண்டா சார் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, மேலிடத்தைப் பகைப்பது அவருக்கே நல்லதில்லை என்றார். எனக்கு என்ன காரணம் இருந்தது என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. ஏதோ ஒன்று இருந்தது.

தேவாலயக் காட்சியை அதற்குச் சில மாதங்கள் கழித்து, கண்டிகை வீட்டில், ராத்திரி லாப்டாப்பில் பார்த்தேன். அந்தப் பெரியவரின் பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு பாட்டை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நிம்மதியாகக் கேட்க முடிந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

அந்த மெசஞ்சர் எங்களிடம் கெஞ்சவில்லை. மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்துவிட்டுப் போய், வழக்கம்போலத் தண்ணீர் பிடித்துவைத்தார்.